பயணத்துக்கு ஸ்கூபா ஃபின் வாங்குவது: பாதத்திலிருந்து தொடங்குங்கள்

ஃபின் என்பது சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கில் காலில் மாட்டிக்கொள்ளும் துடுப்பு. பயணத்துக்கென்று நான் முதலில் வாங்கிய ஃபின் ஜோடி ஒன்றேகால் கிலோதான் இருந்தது. பெட்டியில் வைத்தால் வைத்த இடம் தெரியாது. நாளுக்கு மூன்று டைவ், மொத்தம் ஐந்து நாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மாலை சுண்டுவிரல் ஓரத்தில் தோல் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் அது கொப்புளமாகி, உப்புத்தண்ணீர் பட்டதும் எரிய ஆரம்பித்தது. நான்காம் நாள் காலை, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் குதிப்பதைப் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஃபினில் எந்தக் குறையும் கிடையாது. எடையைப் பார்த்து வாங்கினேன், காலைப் பார்க்கவில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதே வரிசையில்தான் யோசிக்கிறார்கள்: எடை எவ்வளவு, நீளம் எவ்வளவு, பெட்டியில் அடங்குமா, அப்புறம்தான் காலுக்குச் சேருமா என்ற கேள்வி. இதைத் தலைகீழாக்க வேண்டும். எங்கே, எப்படித் தண்ணீரில் இறங்கப் போகிறோம் என்பது முதலில். வெறுங்காலா, பூட்டா என்பது அதிலிருந்து வரும். அடுத்து பாதம் உள்ளே சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளேடு, அதாவது பாதத்துக்கு முன்னால் நீளும் தட்டையான பகுதி, எவ்வளவு விறைப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பெட்டி கடைசியில் வரட்டும். பயண ஃபின் என்பது நாலைந்து நாள் தொடர்ந்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை போடப்படுவது. மாதம் ஒருமுறை நீச்சல் குளத்தில் போடும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய சின்ன உரசல், அங்கே மூன்றே நாளில் புண்ணாகிவிடும்.

எப்படி இறங்கப் போகிறீர்கள்?

ஃபினில் அடிப்படையாக இரண்டு வகை. ஃபுல் ஃபுட் என்பது குதிகால்வரை மூடிய ஷூ மாதிரி, வெறுங்காலில் போடுவது. ஓப்பன் ஹீல் பின்பக்கம் திறந்திருக்கும்; குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை வந்து பிடித்துக்கொள்ளும். இதை நியோபிரீன் என்ற நுரை ரப்பரால் ஆன பூட் அணிந்த காலில் மாட்ட வேண்டும்.

படகிலிருந்து நேரே குதித்து, ஏணி வழியே படகுக்கே திரும்புவது, அதுவும் 27, 28 டிகிரி இருக்கும் வெதுவெதுப்பான கடல் என்றால் ஃபுல் ஃபுட் நன்றாக ஒத்துவரும். பூட் தேவையில்லை, அதனால் எடையும் ஈரத்துணி மூட்டையும் குறைகிறது. கால் அசைவு நேராகப் பிளேடுக்குப் போவதால் லேசான ஃபினே போதுமான வேகம் தரும்.

கரையிலிருந்து நடந்து இறங்குவதாக இருந்தால் கதை வேறு. சூடான மணல், வழுக்கும் பாறை, உடைந்த சிப்பி, கடல் முள்ளெலி என்று எதை வேண்டுமானாலும் மிதிக்க நேரலாம். முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயமுமாகப் பாரம் இருக்கும்போது வெறுங்காலால் பாறையில் நடப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கே கெட்டியான அடி வைத்த பூட்டும் ஓப்பன் ஹீல் ஃபினும்தான் சரி. தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களிலும் அப்படியே. வெறும் பாதம் வழியாக உடம்பு சூடு மெல்ல மெல்ல இறங்கும். நாற்பதாவது நிமிடத்தில் விரல்கள் மரத்துப் போகும்.

மூன்றாவதாக ஒரு வகை இப்போது கிடைக்கிறது. பட்டை இருக்கும், ஆனால் வெறுங்காலிலேயே போடலாம். பாதம் நுழையும் இடம் ஷூவின் உட்பக்கம் போல வளைவுகளோடு செய்யப்பட்டிருக்கும். பட்டையை இழுத்தால் போடலாம், விட்டால் பிடித்துக்கொள்ளும். பயணத்துக்கென்றே வடிவமைத்த, ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் 'கோ' போன்ற ஃபின்கள் இந்த வகை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெறுங்கால் அளவுக்கு வாங்கிய இதில் பிறகு 5 மி.மீ. பூட் நுழையாது. இரண்டுக்கும் ஒரே ஃபின் என்று நம்பி வாங்கினால் இரண்டில் ஒன்று கைவிட்டுப் போகும்.

எந்த ஊருக்குப் போவோம் என்று இன்னும் தெரியாதவர்கள், அடுத்த இரண்டு வருடத்தில் நான்கைந்து விதமான இடங்களில் இறங்க ஆசைப்படுகிறவர்கள், ஓப்பன் ஹீலையே எடுங்கள். பூட்டின் கனம் கூடுதல் சுமைதான், ஆனால் பூட் பாதத்துக்கும் ஃபினுக்கும் நடுவே மெத்தை போல இருந்து உரசலைத் தாங்கிக்கொள்கிறது. ஈரமான படகுத் தளத்தில் வழுக்காமல் நடக்கவும் உதவும்.

பாதத்தை அளப்பது

ஒரு வெள்ளைத் தாளைச் சுவரை ஒட்டித் தரையில் போட்டு, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நில்லுங்கள். நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். பலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும், அதையும் பாருங்கள். இரண்டு பாதத்தையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருப்பவர்கள் குறைவு. பெரியதே உங்கள் அளவு. மாலையில் அளப்பது நல்லது, ஏனென்றால் நாள் முழுக்க நடந்து, நின்று பாதம் சற்று உப்பியிருக்கும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகும், வெயில் ஊரிலும் பாதம் அப்படித்தான் இருக்கப் போகிறது.

செருப்பு அளவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பிய 42, பிரிட்டிஷ் 8, அமெரிக்க ஆண்கள் அளவு 9 எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அந்த 'ஏறக்குறைய'தான் காலைக் கடிக்கிறது. ஃபின்கள் பெரும்பாலும் 40-41, 42-43 என்று இரண்டு அளவுகளைச் சேர்த்தோ, மீடியம், லார்ஜ் என்று இன்னும் பொதுவாகவோ வருகின்றன. ஒரு நிறுவனத்தின் 42-43 இன்னொரு நிறுவனத்தில் இறுக்கமாக இருக்கும். ஆகவே மில்லிமீட்டரில் உள்ள உங்கள் அளவை, அந்தந்த நிறுவனம் தரும் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

நீளம் மட்டும் போதாது. அகலமான பாதமும், மேடு உயர்ந்த பாதமும் உள்ளவர்களுக்குத்தான் ஃபின் அதிகம் தொல்லை தரும். நீளம் சரியாக இருக்கும், ஆனால் சுண்டுவிரல் மூட்டு பக்கவாட்டுச் சுவரில் அழுந்தும், அல்லது பாதத்தின் மேல்மேடு கூரையில் இடிக்கும். இவர்களுக்கு ஃபுல் ஃபுட்டில் தேர்வு குறைவு. பூட்டோடு ஓப்பன் ஹீல் போவதே நிம்மதி. அல்லது பாதம் நுழையும் பகுதி மென்மையான ரப்பரில் செய்த ஃபின்களாகத் தேடுங்கள்.

போட்டுப் பார்ப்பது

பாதம் நுழையும் அந்தப் பகுதியை டைவர்கள் ஃபுட் பாக்கெட் என்பார்கள். நாம் பாதக்கூடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபினின் சுகமும் துன்பமும் அங்கேதான் இருக்கிறது. பிளேடின் நிறம், துவாரம், வளைவு பற்றி விளம்பரத்தில் நிறையப் படிக்கலாம். பாதக்கூட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

அது தளர்வாக இருந்தால் என்ன ஆகும்? அளவு பெரிய செருப்பைப் போட்டு நடக்கும்போது, அது கழன்றுவிடாமல் விரல்களால் கவ்விக்கொண்டே நடப்போமே, அதேதான் தண்ணீருக்குள்ளும் நடக்கும். உதைக்கும் ஒவ்வொரு முறையும் விரல்கள் தானாக மடங்கி ஃபினைப் பிடிக்கும். பத்து நிமிடத்தில் உள்ளங்கால் வலிக்கும். அப்புறம் கெண்டைக்காலில் குரக்களி (தசைப்பிடிப்பு) பிடிக்கும். நிறையப் பேர் இதைத் தங்கள் உடல் பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் பொருந்தாத ஃபின்தான் காரணம். இறுக்கமாக இருந்தாலோ ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப் போகும், கால் சீக்கிரம் குளிர்ந்துபோகும், நகம் அழுந்திக் கறுத்துவிடும்.

ஃபுல் ஃபுட் போட்டுப் பார்க்கும்போது பாதத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த ரப்பர் உலர்ந்த தோலைப் பிடித்து இழுக்கும். சரியான அளவுகூடச் சிறியதாகத் தோன்றும். நாற்காலியில் உட்கார்ந்து போட்டபின் காலை நேராகத் தூக்கி, மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில் நன்றாக உதறுங்கள். குதிகால் மேலே வழுகி வந்தால் பெரியது. விரல் நுனிகள் முன்னே திறந்த வாய் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் உள்ளே மடங்கி இருக்கக் கூடாது. பின்விளிம்பு குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணை அறுப்பது போல இருந்தால் அந்த மாடலையே விட்டுவிடுங்கள்; அது பழகிப் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓப்பன் ஹீல் என்றால் நீங்கள் உண்மையாக அணியப் போகும் பூட்டோடு மட்டுமே பார்க்க வேண்டும். 3 மி.மீ. பூட்டுக்கும் 5 மி.மீ. பூட்டுக்கும் அடியின் கனத்தையும் சேர்த்தால் ஒரு முழு அளவே மாறிவிடும். அதனால் பூட் முதலில், ஃபின் பிறகு. பூட்டை உள்ளே தள்ளினால் பாதத்தின் பாதிக்கும் மேல் கூட்டுக்குள் போய் நன்றாக உட்கார வேண்டும். குதிகாலும் அடித்தட்டின் மேல் தங்க வேண்டும். பட்டை போடுவதற்கு முன்பே கால் பக்கவாட்டில் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பட்டையின் வேலை ஃபின் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. தளர்வான கூட்டைப் பட்டையை இழுத்துச் சரிசெய்ய முடியாது, குதிகால்தான் வலிக்கும்.

இங்கே கொஞ்சம் இயற்பியலும் இருக்கிறது. நியோபிரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த ரப்பர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. ஆழம் போகப்போகக் குமிழ்கள் சுருங்கி பூட் மெலிகிறது. படகில் கச்சிதமாக இருந்த ஃபின் 20 மீட்டரில் லேசாக ஆடுவது அதனால்தான். மேலே இருக்கும்போதே தளர்வாக இருப்பது கீழே போனால் இன்னும் தளரும். பூட்டோடு போடும் ஃபின் கரையில் ஒரு துளி இறுக்கமாக, ஆனால் வலியில்லாமல் இருக்கலாம் என்று நான் சொல்வது இதனால்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால்? ஃபுல் ஃபுட் என்றால் பெரியதை எடுத்து மெல்லிய லைக்ரா அல்லது 2 மி.மீ. நியோபிரீன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸ் உரசலையும் தடுக்கும், எடையும் ஒன்றுமில்லை. சின்னதை எடுத்து ரப்பர் விரிந்துகொடுக்கும் என்று காத்திருப்பது வீண்.

கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், தண்ணீரில் நனைக்கும் முன், பாய் விரித்து உட்கார்ந்து இருபது நிமிடம் போட்டிருங்கள். கழற்றியபின் பாதத்தைப் பாருங்கள். சுண்டுவிரல் மூட்டு, கட்டைவிரல் நகம், மேல்மேடு, குதிகால் தசைநாண், இந்த நான்கு இடங்களில் சிவப்புத் தடம் ஆழமாக விழுந்து, பத்து நிமிடம் கழித்தும் மறையாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்த அந்தப் பயணத்துக்கு முன்னால் இந்த இருபது நிமிடத்தைச் செலவழித்திருந்தால் நான்காம் நாள் டைவ் எனக்குக் கிடைத்திருக்கும்.

நின்று பார்க்க வேண்டாம், நடந்து பார்க்கவே வேண்டாம். ஃபினோடு நடந்தால் பிளேடு மடங்கும், நீங்களும் விழுவீர்கள்.

பட்டை

பழைய முறை ரப்பர் பட்டை, இரண்டு பக்கமும் பக்கிள். மலிவு, லேசு, ஆனால் பக்கிள் உடையும், பட்டை விரிசல் விடும், ஒவ்வொரு முறையும் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஸ்பிரிங் பட்டை துருப்பிடிக்காத எஃகுச் சுருளால் ஆனது. சற்று கனம் கூடும், ஆனால் பின்னால் உள்ள வளையத்தில் கட்டைவிரலை மாட்டி இழுத்தால் போட்டாயிற்று. ஆழத்தில் பூட் மெலியும்போது அதுவும் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பங்கீ என்ற, இழுத்தால் நீண்டு சுருங்கும் கயிற்றுப் பட்டையும் ஏறக்குறைய அதே வசதியைத் தரும், எடை குறைவு. பயணத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். எந்தப் பட்டையானாலும், கையுறை போட்ட கையால், ஆடும் படகில், பார்க்காமலே கழற்ற முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

பிளேடு

மனிதன் தவளைக் காலைப் பார்த்து ஃபின் செய்ய முயன்றது பழைய ஆசை. இன்று நாம் போடும் ரப்பர் ஃபினின் முன்னோடிக்கு 1933இல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் லூயி தெ கோர்லியூ என்ற கடற்படை அதிகாரி. அதன் பிறகு பிளேடில் எத்தனையோ மாற்றங்கள் வந்துவிட்டன. 1960களில் வந்த ஜெட் ஃபின்னில் தண்ணீர் வழிந்துபோகத் துவாரங்கள் வைத்தார்கள். அந்தக் கனத்த ரப்பர் ஃபின் இன்றும் பலருக்குப் பிரியமானது. நன்றாக உழைக்கும், ஆனால் ஒரு ஜோடி 3 கிலோவை நெருங்கும். பயணப் பெட்டிக்கு அது பெரிய பாரம்.

புதியவர் கவனிக்க வேண்டியது விறைப்பு. சைக்கிள் கியரை நினைத்துப் பாருங்கள். விறைப்பான பிளேடு பெரிய கியர் மாதிரி: ஒரு உதைக்கு நிறைய தூரம், ஆனால் கால் தசை பலமாக வேண்டும். மென்மையான பிளேடு சின்ன கியர்: சுலபமாக உதைக்கலாம், நீரோட்டம் எதிர்த்து வந்தால் மட்டும் திணறும். டைவிங் ஆரம்பித்து இருபது முப்பது டைவ்கூட ஆகாதவருக்கு நடுத்தர விறைப்போ அதற்குச் சற்று மென்மையானதோ போதும். முழங்கால், கணுக்கால் பிரச்சினை உள்ளவர்கள் மென்மையான பக்கமே போங்கள். பிளேடின் நுனியைப் பிடித்துக் கையால் வளைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். நல்ல பிளேடு வில் போல ஒரே சீராக வளைந்து, விட்டதும் துள்ளித் திரும்பும். பாதக்கூட்டின் வாயருகே மட்டும் மடிந்து, மற்ற இடம் பலகை போல நின்றால் அது வேண்டாம்.

பிளேடு நடுவில் பிளந்திருக்கும் ஸ்ப்ளிட் ஃபின் மேலும் கீழுமாக மாறி மாறி உதைப்பவர்களுக்கு மிகவும் இலகு. கால் அலுப்பே தெரியாது. ஆனால் தவளை உதை, பின்னோக்கி நகர்வது, நின்ற இடத்திலேயே திரும்புவது போன்றவற்றுக்கு அது சரியாகப் பிடி கொடுக்காது. பவளப்பாறைக்கு அருகில் தவளை உதை மிக உதவும். நீரை அது கீழே தள்ளாமல் பின்னால் தள்ளுவதால் மணல் கிளம்பாது, பவளத்திலும் ஃபின் நுனி படாது. பவளத்தில் பல வகை ஒரு விரல் நீளம் வளர எத்தனையோ வருடம் ஆகிறது. கவனமில்லாத ஒரே உதையில் அது முறிந்துவிடும். ஆகவே முதல் ஃபினுக்கு ஒற்றைப் பிளேடையே எடுக்கச் சொல்வேன்.

நீளமான பிளேடும் இதே காரணத்தால் புதியவருக்குத் தலைவலி. காலுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் ஃபின் நீண்டிருக்கிறது என்பதை உடம்பு உணர்ந்துகொள்ளச் சில டைவ்கள் ஆகும். குட்டையான பயண ஃபின் அந்த விதத்தில் நல்லது. அதற்கான விலை என்னவென்றால், பலமான நீரோட்டத்தில் அது கைகொடுப்பது குறைவு. போகும் இடத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும் என்று தெரிந்தால் நீளத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஃபின் மிதக்குமா, மூழ்குமா என்பதையும் விசாரியுங்கள். லேசான பயண ஃபின்களில் சில தண்ணீரில் மிதக்கும். வெப்பமான கடலோரங்களில் பெரும்பாலும் அலுமினிய சிலிண்டர்தான் தருவார்கள். காற்று தீரத் தீர அதன் அடிப்பகுதி மேலே எழும்பப் பார்க்கும். கூடவே ஃபினும் மிதந்தால் டைவின் கடைசியில் கால் மேலே, தலை கீழே என்று சாய்வீர்கள். ஈயத்தில் கொஞ்சத்தை இடுப்புக்குக் கீழே நகர்த்தினால் சரியாகிவிடும். பெரிய விஷயமில்லை, ஆனால் காரணம் தெரியாவிட்டால் பயம் வரும்.

இப்போது பெட்டி

பயண ஃபின்கள் ஜோடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் கிலோவரை இருக்கும். சாதாரண ஓப்பன் ஹீல் ஃபின் இரண்டு, இரண்டரை கிலோ. இதோடு 5 மி.மீ. பூட் ஒரு ஜோடி முக்கால் கிலோவாவது சேர்க்கும், ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். எடையை ஒப்பிடும்போது ஃபினை மட்டும் ஒப்பிடாமல் ஃபின், பூட், சாக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள். லேசான ஓப்பன் ஹீல் ஃபினும் பூட்டும் சேர்ந்தால், சற்று கனமான ஃபுல் ஃபுட்டைவிட அதிகமாகவே வரும்.

கையோடு எடுத்துப்போகும் பெட்டியில் வைக்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 55 × 40 × 20 செ.மீ. அளவைப் பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. தட்டையாக மூலைக்கு மூலை அளந்தால் 68 செ.மீ. வரும். ஆனால் அது வெளி அளவு. சக்கரம், கைப்பிடி, சுவர் எல்லாம் போக உள்ளே 50 × 36 மிஞ்சினால் மூலைக்கு மூலை 61.6 செ.மீ.தான். எனவே 60 செ.மீ.க்குள் இருக்கும் ஃபின்தான் நிம்மதியாக அடங்கும். வாங்கும் முன் உங்கள் பெட்டியின் உட்பக்கத்தை மூலைக்கு மூலை அளந்து, அந்த எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள். கைப்பெட்டிக்கு 7 கிலோ வரம்பு வைக்கும் நிறுவனங்கள் உண்டு. மாஸ்க், டைவ் கணினி, சிலிண்டரிலிருந்து மூச்சுவிட உதவும் ரெகுலேட்டர் போன்றவை கையோடுதான் வர வேண்டும். மிச்சமுள்ள எடை ஃபினுக்குப் போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போதாது என்றால் ஃபினைப் பெரிய பெட்டியில் போட்டுவிடலாம். அது பட்டாலும் விழுந்தாலும் தாங்கும் சாமான்.

பெரிய பெட்டியில் வைக்கும்போது இரண்டு ஃபினையும் எதிரெதிர்த் திசையில், பெட்டியின் இரண்டு நீளப் பக்கங்களிலும் சுவர் போல நிறுத்துங்கள். நடுவில் வரும் மற்ற சாமான்களுக்கு அதுவே பாதுகாப்பு. பாதக்கூட்டுக்குள் பூட், சாக்ஸ், சின்னத் துணிகளைத் திணியுங்கள். இடமும் வீணாகாது, கூடும் நசுங்காது. பிளேடு நுனி மடிந்த நிலையில் மட்டும் வைக்காதீர்கள். சில நாள் மடிந்து கிடந்தால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும், உதைக்கும்போது ஃபின் ஒரு பக்கமாக இழுக்கும்.

வாங்கத்தான் வேண்டுமா?

வருடத்துக்கு இரண்டு நாள் மட்டும் டைவ் செய்கிறவர் வாடகைக்கு எடுப்பதில் தவறே இல்லை. மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு, ஃபினை டைவ் மையத்திலேயே எடுக்கலாம். வெவ்வேறு வகைகளைப் போட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. எடுக்கும்போது பட்டையை நன்றாக இழுத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், பக்கிளை இரண்டு முறை திறந்து மூடுங்கள், இரண்டு ஃபினும் ஒரே அளவா என்று பாருங்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் தண்ணீரில் இறங்கிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்திய மாடலையும் அளவையும் குறித்து வையுங்கள். ஆனால் பாதம் மிகச் சிறியதாகவோ, மிகப் பெரியதாகவோ, அகலமாகவோ இருப்பவர்கள் வாடகையை நம்பிப் போக வேண்டாம்.

முதல் டைவில்

புது ஃபினை முடிந்தால் பயணத்துக்கு முன் ஒரு நாள் குளத்தில் போட்டுப் பழகுங்கள். ஷாம்பூ கலந்த தண்ணீர் ஒரு துளி தடவினால் ஃபுல் ஃபுட் சுலபமாக ஏறும். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும். போட்ட பிறகு நகர வேண்டியிருந்தால் பின்னோக்கி நடங்கள், அல்லது பக்கவாட்டில், எதையாவது பிடித்துக்கொண்டு. உதை இடுப்பிலிருந்து வரட்டும். முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பது போல உதைத்தால் நல்ல ஃபின்கூட உங்களை நகர்த்தாது.

கெண்டைக்காலில் குரக்களி பிடித்தால் உதைப்பதை நிறுத்துங்கள். கூட வரும் துணைக்குச் சைகை காட்டிவிட்டு, காலை நீட்டி, பிளேடின் நுனியைக் கையால் பிடித்து உங்கள் பக்கமாக இழுங்கள். தசை நீண்டு மெல்ல விட்டுக்கொடுக்கும். கை எட்டாவிட்டால் துணையைப் பிடித்துத் தள்ளச் சொல்லுங்கள். அதே காலில் அடுத்த டைவிலும் அது வந்தால் பாதக்கூட்டைச் சந்தேகியுங்கள், அல்லது பிளேடு உங்களுக்கு விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலும் வரலாம்.

ஏணி ஏறும்போது படகையோ கயிற்றையோ பிடித்துக்கொண்ட பிறகுதான் ஃபினைக் கழற்ற வேண்டும். கையைவிட்டுக் கழற்றினால், ஃபின் இல்லாமல் நீரோட்டம் உங்களை இழுத்துப் போகும். பட்டை உள்ளது என்றால் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம். ஒரே மாதிரிக் கறுப்பு ஃபின்கள் இருபது ஜோடி கிடக்கும் படகில் உங்களுடையது தெரிய, பட்டையில் ஒரு கலர் டேப் சுற்றி வையுங்கள்.

திரும்பும் நாள்

ஒரே நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. அந்த நேரம் ஃபினும் பூட்டும் உலர்வதற்குச் சரியாக இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். பட்டை சேரும் இடத்திலும் பக்கிளுக்குள்ளும் உப்பு படிகமாகிச் சிக்கிக்கொள்ளும், அங்கே விரலால் தேய்த்து விடுங்கள். நிழலில், காற்றில் காயவிட வேண்டும். வெயில் ரப்பரைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும். மூடிய காருக்குள் வெயிலில் விட்டால் பிளேடு நெளிந்துவிடும். பூட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் வடியும். ஏரியில் டைவ் செய்துவிட்டு வேறு ஏரிக்குப் போகிறவர்கள் நன்றாக அலசி முழுக்க உலர்த்தியே ஆக வேண்டும். ஒட்டிக்கொண்டு வரும் சிப்பிக் குஞ்சுகளும் பாசியும் இப்படித்தான் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகின்றன.

ஃபுல் ஃபுட் வாங்கும்போது பாதக்கூட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் அச்சு வைத்துத் தருவார்கள். பலர் அதைப் பொட்டலத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதை எடுத்து வையுங்கள். அடுத்த பயணம் ஆறு மாதம் கழித்து வந்தாலும், அந்த அச்சு உள்ளே இருந்தால் குதிகால் பகுதி சப்பிப் போகாமல் உங்கள் காலின் வடிவத்திலேயே நிற்கும். ஓப்பன் ஹீல் வைத்திருப்பவர்கள் ஒரு மாற்றுப் பட்டையை இப்போதே வாங்கி, பூட்டுக்குள் சுருட்டி வைத்துவிடுங்கள்.